உருளைக்கிழங்கு வேளாண்மையில் மூடாக்கு: ஒரு வரலாறு

உருளைக்கிழங்கு வேளாண்மையில் மூடாக்கு என்பது நட்ட கிழங்கின் மேலும் பாத்தியின் மேலும் வைக்கோல், காய்ந்த புல், இலைதழை, கடற்பாசி, நெகிழித்தாள் போன்றவற்றைப் பரப்பி மண்ணை மூடிவைக்கும் முறை. மண்ணின் ஈரத்தைக் காத்தல், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தல், களையை அடக்குதல், மண்ணரிப்பைத் தடுத்தல், கிழங்கின் மேல் வெயில் படாமல் மறைத்தல் ஆகியவை இதன் பயன்கள். குளிர்நாட்டில் மண்ணைச் சூடாக்கவும், வெப்பநாட்டில் மண்ணைக் குளிர்விக்கவும், கடலோரத்தில் உப்பை அடக்கவும் மூடாக்கு பயன்பட்டிருக்கிறது. இவை ஒன்றுக்கொன்று மாறான தேவைகள். ஆகவே ஓரிடத்தில் விளைச்சலைக் காத்த மூடாக்கு மற்றோரிடத்தில் அதைக் கெடுத்ததும் உண்டு.

கிழங்கின் இயல்பு

உருளைக்கிழங்கு வேரில் விளைவது அன்று. செடியின் அடித்தண்டிலிருந்து மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய தண்டுகளின் நுனி பருத்துக் கிழங்காகிறது. நட்ட கிழங்குக்கு மேலேயும் பக்கத்திலும் புதிய கிழங்குகள் உருவாவதால் அவற்றை மறைக்க மேலும் மேலும் மண் தேவைப்படுகிறது. உழவர்கள் செடி வளர வளர மண் அணைப்பது இதற்காகவே. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும். அதில் சோலனைன் முதலான நச்சுப்பொருட்கள் கூடும்.

கிழங்கு பருக்க மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது ஏற்றது. 30 டிகிரியை நெருங்கினால் செடி இலையும் தண்டுமாகத் தழைக்கும். கிழங்கு கட்டுவது குறையும் அல்லது நின்றுவிடும். மறுபக்கம், மண் மிகவும் குளிர்ந்திருந்தால் முளை எழாமல் விதைக்கிழங்கு அழுகும். உறைபனி பட்டால் இலைகள் கருகும். மண் அணைப்பின் வேலையை வேறொரு பொருளைக் கொண்டு செய்வதும், மண்ணின் வெப்பத்தை இந்தக் குறுகிய எல்லைக்குள் நிறுத்துவதுமே மூடாக்கின் அடிப்படை.

ஆண்டிஸ் மலைகள்

உருளைக்கிழங்கு முதன்முதலில் பயிராக்கப்பட்டது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில், இன்றைய தெற்குப் பெருவும் பொலிவியாவும் சேரும் டிட்டிகாக்கா ஏரிப் பகுதியில் என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் அமைந்த அந்த மேட்டுநிலத்தில் பகலில் கடும் வெயில் அடிக்கும். இரவில் உறைபனி இறங்கும்.

அம்மக்கள் இதற்குக் கண்ட தீர்வு வாரு வாரு எனப்படும் உயர்பாத்தி முறை. நீண்ட கால்வாய்களை வெட்டி, அந்த மண்ணை இடையிலுள்ள நிலத்தில் குவித்து மேடாக்கினர். பகலில் வெயிலை வாங்கிச் சூடேறிய கால்வாய் நீர் இரவில் மெல்லக் குளிரும்போது பாத்திமேல் உள்ள பயிருக்கு வெப்பம் கிடைத்தது. கால்வாயில் படிந்த சேற்றை வாரிப் பாத்திமேல் பரப்பினர். அது உரமானது. வழக்கொழிந்து கிடந்த இப்பாத்திகளை அமெரிக்கத் தொல்லியலாளர் கிளார்க் எரிக்சன் 1980-களில் உள்ளூர் உழவர்களுடன் சேர்ந்து மீண்டும் கட்டிப் பயிரிட்டுப் பார்த்தார்.

அறுவடைக்குப் பின்னரும் மூடுதல் தொடர்ந்தது. மலைப்புல்லான இச்சுவை அடுக்கி, அதனிடையே முன்யா என்னும் வாசனைச்செடியின் தழையை வைத்துக் கிழங்கைச் சேமித்தனர். புல் குளிரையும் வெளிச்சத்தையும் மறைத்தது. தழை பூச்சிகளை விலக்கியது.

அயர்லாந்து: சோம்பேறிப் பாத்தி

ஐரோப்பாவுக்கு 16-ஆம் நூற்றாண்டில் வந்த உருளைக்கிழங்கு, அயர்லாந்தின் ஏழைக் குத்தகையாளர்களுக்கு உயிர்ப்பயிரானது. நல்ல நிலம் நிலவுடைமையாளர்களிடம் இருக்க, அவர்களுக்குக் கிடைத்தது ஈரம் வடியாத கரிச்சதுப்பும் பாறைமண்ணும். அங்கே ஏர் பூட்ட வழியில்லை. மண்வெட்டி மட்டுமே கருவி.

புல்தரையை உழாமல் அதன்மேல் நீளவாக்கில் சாணத்தையோ கடற்பாசியையோ பரப்புவார்கள். அதன்மேல் விதைக்கிழங்கை வைப்பார்கள். இரு பக்கமும் கால்வாய் வெட்டி, புல்லோடு பெயர்ந்த மண்கட்டிகளைக் கவிழ்த்து மூடுவார்கள். அடியில் புல்லும் மேலே புல்லும் அழுகி உரமாகும். கால்வாய் வழியே நீர் வடியும். ஆங்கிலேயர் இதைச் சோம்பேறிப் பாத்தி என்று அழைத்தனர். நிலத்தை முழுவதும் உழாததால் வந்த ஏளனப் பெயர் அது. உண்மையில் ஒவ்வொரு கட்டியையும் கையால் வெட்டிக் கவிழ்க்கும் கடும் உழைப்பு அதிலிருந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இதே முறைக்கு ஃபியனாகன் என்று பெயர். கைவிடப்பட்ட பாத்திகளின் வரிகளை இரு நாட்டு மலைச்சரிவுகளிலும் இன்றும் காணலாம்.

கடலோர மக்களுக்குக் கடற்பாசி பெருஞ்செல்வம். குளிர்காலப் புயலுக்குப் பின் கரையொதுங்கும் பாசியைக் கூடைகளில் முதுகிலும் கழுதைமேலும் ஏற்றிக் கொண்டுவந்தனர். அதில் சாம்பல்சத்து மிகுதி, களை விதை இல்லை, விரைவில் மக்கிவிடும். கரையின் எந்தப் பகுதியில் யார் பாசி எடுக்கலாம் என்பதற்கு உரிமைகள் வகுக்கப்பட்டிருந்தன. நிலவுடைமையாளர்கள் அதற்குக் கட்டணம் கேட்டதும், அதனால் பூசல்கள் எழுந்ததும் உண்டு. ஆரன் தீவுகளில் வெறும் சுண்ணாம்புப் பாறைமேல் மணலையும் பாசியையும் அடுக்கடுக்காகப் பரப்பி மண்ணையே உருவாக்கினர். ராபர்ட் ஃப்ளாகர்ட்டி 1934-இல் வெளியிட்ட 'மேன் ஆஃப் ஆரன்' திரைப்படத்தில் இவ்வாறு நிலம் உருவாக்கும் காட்சிகள் உள்ளன.

இந்த உழைப்பு முழுவதையும் 1845-இல் வந்த பின்கருகல் நோய் அழித்தது. அதை உண்டாக்கும் நுண்ணுயிரி காற்றிலும் மழையிலும் பரவி இலைகளைத் தாக்கியது. இலைகளிலிருந்து மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கை அழுக்கியது. பாத்தி அமைப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியவில்லை. அயர்லாந்தின் மக்கள்தொகை 1841-இல் சுமார் 82 லட்சம். 1851-இல் சுமார் 66 லட்சம். ஏறத்தாழ 10 லட்சம் பேர் பஞ்சத்தாலும் அதையொட்டிய நோய்களாலும் இறந்தனர். அதற்கு இணையான எண்ணிக்கையினர் நாட்டைவிட்டு வெளியேறினர்.

ஜெர்சி தீவு

ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவிலும் கடற்பாசியே பாத்தியின் உரம். அங்கு அதற்கு வ்ரேக் என்று பெயர். பாறையிலிருந்து அதை அறுக்கும் காலம் சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருந்தது. 1880-ஐ ஒட்டி ஹ்யூ டி லா ஹே என்ற உழவரிடம் தோன்றிய கிழங்குவகை ஜெர்சி ராயல் எனப் புகழ்பெற்றது.

ஜெர்சி உழவர்களின் போட்டி காலத்தோடு. பிரிட்டன் சந்தைக்கு முதலில் செல்லும் புதுக்கிழங்குக்கே அதிக விலை. எனவே கடலை நோக்கிய செங்குத்துச் சரிவுகளில் முன்கூட்டியே நட்டனர். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வயல் முழுவதும் ஒளிபுகும் நெகிழித்தாளால் போர்த்தும் வழக்கம் வந்தது. வெயில் தாளைக் கடந்து மண்ணைச் சூடேற்றும். சூடும் ஈரமும் உள்ளேயே தங்கும். வைக்கோலைப் பரப்பியிருந்தால் வெயில் மண்ணைத் தொடாமல் முளைப்பு தாமதமாகியிருக்கும். குளிர்ந்த இளவேனிலில் தேவைப்பட்டது ஒளியை உள்ளே விடும் மூடாக்கு.

அமெரிக்கச் சமவெளி

அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில் குடியேறியவர்கள் சந்தித்தது இதற்கு நேரெதிரான சிக்கல். கோடையில் மண் கொதிக்கும். வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சும். கோதுமை வைக்கோல் அங்கே மலைபோல் குவிந்து கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதைக் கிழங்கு நட்ட நிலத்தின்மேல் கனமாகப் பரப்பும் வழக்கம் உழவர்களிடையே ஏற்பட்டது. வைக்கோல் வெயிலை மறைத்ததால் மண் குளிர்ந்திருந்தது. நெப்ராஸ்கா வேளாண் சோதனை நிலையத்தில் ரோலின்ஸ் ஆடம்ஸ் எமர்சன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் காய்கறிகளுக்கு வைக்கோல் மூடாக்கு இடும் சோதனைகளை நடத்தினார். பின்னாளில் மக்காச்சோள மரபியலில் பெரும் புகழ் பெற்றவர் இவர்.

இம்முறையை வீட்டுத்தோட்டங்களுக்குக் கொண்டுசென்றவர் ரூத் ஸ்டவுட் (1884–1980). கன்சாஸில் பிறந்து கனெக்டிகட்டில் பண்ணை வைத்திருந்த இவர், நிலத்தை உழுவதையும் கொத்துவதையும் நிறுத்திவிட்டு ஆண்டு முழுவதும் காய்ந்த புல்லால் மூடிவைத்தார். உருளைக்கிழங்கை மண்ணில் புதைக்காமல் தரைமேல் வைத்துப் புல்லைப் போர்த்தினார். அறுவடைக்குப் புல்லை விலக்கிக் கிழங்கைப் பொறுக்கினால் போதும். 1955-இல் வெளிவந்த இவருடைய நூல் முதியவர்களிடமும், முதுகுவலியால் தோட்டத்தைக் கைவிட்டவர்களிடமும் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே முறையைப் பின்பற்றியவர்களில் சிலருக்குக் கிழங்கை விட ஓடில்லா நத்தைகளும் எலிகளுமே மிகுந்தன. ஈரமும் மறைவும் அவற்றுக்கும் வசதி.

ஜெர்மனி: மண்ணரிப்பும் அசுவினியும்

2000-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் டோரிங், ஹெல்முட் சவுக்கே முதலானோர் இயற்கை வேளாண்மை வயல்களில் வைக்கோல் மூடாக்கை அளந்து ஆராய்ந்தனர். பார் பிடித்த உருளைக்கிழங்கு வயல், சரிவில் மண்ணை எளிதாக இழக்கும். செயற்கை மழை பெய்வித்த சோதனையில், மெல்லிய வைக்கோல் பரப்பே மண் இழப்பை 97 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தது. மழைத்துளியின் அடியை வைக்கோல் வாங்கிக்கொள்வதும், ஓடும் நீரின் வேகத்தை அது தடுப்பதும் காரணம்.

மற்றொரு பயன் நோய்த்தடுப்பு. உருளைக்கிழங்கின் ஒய் வைரசு அசுவினிப் பூச்சிகளால் பரவுகிறது. பறந்துவரும் அசுவினி, பழுப்பு மண்ணுக்கும் பச்சை இலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தே செடியில் இறங்குகிறது. வெளிறிய வைக்கோல் அந்த வேறுபாட்டைக் குறைப்பதால் செடி இளமையாக இருக்கும் நாட்களில் அசுவினியின் வரவும் வைரசுத் தொற்றும் குறைகின்றன. செடி தழைத்து வைக்கோலை மறைத்தபின் இப்பயன் நீங்கிவிடும். அந்த ஈரமான தட்பவெப்பத்தில் விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்பதையும் இவ்வாய்வுகள் பதிவுசெய்தன.

சீனா: வைக்கோலும் நெகிழியும்

சீனாவின் வடமேற்கிலுள்ள கான்சு மாகாணத்தில் வறட்சியே முதல் எதிரி. அங்கே லான்சோவைச் சுற்றிய நிலங்களில் கூழாங்கல்லையும் மணலையும் பரப்பி ஈரம் காக்கும் வழக்கம் பல நூற்றாண்டுப் பழமையானது. அதில் பெரும்பாலும் முலாம்பழமும் தர்ப்பூசணியும் விளைந்தன. 1970-களின் இறுதியில் ஜப்பானிலிருந்து நெகிழித்தாள் முறை சீனாவுக்கு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழை பெறும் டிங்சி பகுதியில், பாரையும் சாலையும் முழுவதும் தாளால் மூடி, சிறு மழையையும் சாலுக்கு வழியவிட்டுத் துளைகள் வழியே வேருக்குச் சேர்க்கும் முறை பரவியது. வறுமைக்குப் பெயர்பெற்ற டிங்சி இன்று சீனாவின் முதன்மையான உருளைக்கிழங்குப் பகுதிகளில் ஒன்று. ஒளிபுகும் தாள் கோடையில் மண்ணை அளவுக்கு மீறிச் சூடாக்குவதால் உருளைக்கிழங்குக்குக் கறுப்புத்தாள் விரும்பப்பட்டது.

இதற்கான விலையை மண் கொடுத்தது. மெல்லிய தாள் கிழிந்து துண்டுகளாக மண்ணில் தங்கியது. வேரும் நீரும் இறங்கத் தடையானது. சீனர்கள் இதை வெண்மாசு என்று அழைத்தனர். தாள் கிழியாமல் திரட்டி எடுக்கும்படி அதன் குறைந்தபட்சத் தடிமனை 0.01 மில்லிமீட்டராக உயர்த்தும் தரவிதி 2017-இல் அறிவிக்கப்பட்டது.

தெற்கிலுள்ள குவாங்சி, குவாங்டொங் மாகாணங்கள் வேறு வழியில் சென்றன. அங்கே நெல் அறுத்தபின் குளிர்காலத்தில் வயல் தரிசாகக் கிடந்தது, வைக்கோல் எரிக்கப்பட்டது. வயலை உழாமல் விதைக்கிழங்கை வரிசையாக வைத்து அதே வயலின் வைக்கோலைப் போர்த்தும் முறை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பப்பட்டது. வடக்கு வியட்நாமின் செவ்வாற்று வடிநிலத்தில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் இம்முறை கற்பிக்கப்பட்டது.

வங்காளக் கடற்கரை

கங்கை வடிநிலத்தின் கடலோரம், குறிப்பாக மேற்கு வங்கத்தின் சுந்தரவனத் தீவுகளும் வங்காளதேசத்தின் குல்னா பகுதியும், பெரும்பாலும் ஒருபோக நிலங்கள். மழைக்கால நெல் அறுவடையானபின் வயல் களிமண் சேறாக இருக்கும். உழும் பதத்துக்கு அது காய்வதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். குளிர்காலம் கடந்து வெயில் ஏறும்போது மண்ணின் ஈரம் ஆவியாகி, அடியிலுள்ள உப்பு மேலே வந்து வெண்மையாகப் படியும். அதன்பின் எதையும் பயிரிட முடியாது. 2009 மே மாதம் தாக்கிய ஐலா புயலில் கரைகள் உடைந்து கடல்நீர் வயல்களில் புகுந்தபோது நிலை மேலும் மோசமானது. பலர் பிழைப்புத் தேடி வெளியூர்களுக்குச் சென்றனர்.

இந்தச் சூழலில் கானிங் நகரில் உள்ள மத்திய உவர்நில ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம், ஆஸ்திரேலிய ஆய்வு நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் கோசாபா முதலான இடங்களில் உழவில்லா உருளைக்கிழங்கைச் சோதித்தது. நெல் அறுத்த ஈரவயலில் விதைக்கிழங்கை வைத்து, மேலே மக்கிய உரமிட்டு, வைக்கோலைக் கனமாகப் போர்த்துவதே முறை. வயல் காயக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆவியாதல் குறைவதால் உப்பு மேலேறுவதும் குறைகிறது. நீர்ப்பாய்ச்சலும் குறைவாகவே போதும். குளங்களில் தேங்கிய மழைநீர் மட்டுமே நன்னீராக உள்ள தீவுகளில் இது பெரிய உதவி. ஏரும் கூலியாளும் இன்றிக் குடும்பத்தினரே செய்துகொள்ள முடிவதால், ஆண்கள் வேலைக்கு வெளியூர் சென்ற வீடுகளில் பெண்கள் இதை மேற்கொண்டனர். வங்காளதேசத்தில் நீர்நிலைகளை அடைக்கும் ஆகாயத்தாமரையும் உருளைக்கிழங்குக்கு மூடாக்காகப் பயன்பட்டிருக்கிறது.

வைக்கோல் இலவசப் பொருள் அன்று என்பது இங்கு வெளிப்படும் சிக்கல். மாட்டுக்குத் தீனியும் வீட்டுக்குக் கூரையும் அதுவே. ஒரு வயலைப் போர்த்தப் பல வயல்களின் வைக்கோல் தேவைப்படலாம்.

நீலகிரி

தமிழகத்தில் உருளைக்கிழங்கின் வரலாறு நீலகிரியில் தொடங்குகிறது. கோயம்புத்தூர் ஆட்சியரான ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் குடியேறி ஐரோப்பியக் காய்கறிகளுடன் உருளைக்கிழங்கையும் பயிரிடச் செய்தார். படகர் முதலான மலைமக்கள் அதை ஏற்றனர். காடும் புல்வெளியும் இருந்த சரிவுகள் கிழங்கு வயல்களாயின. மண்ணரிப்பு பெருகியது. 1954-இல் உதகையில் மண்வள ஆராய்ச்சி மையமும், 1957-இல் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் அமைந்தன. 1961-இல் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு இந்தியாவில் முதன்முறையாக நீலகிரியில் கண்டறியப்பட்டது. மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் இப்புழுவை மூடாக்கால் மட்டும் ஒழிக்க இயலாது. மாற்றுப்பயிரும் எதிர்ப்புத்திறன் கொண்ட குஃப்ரி ஸ்வர்ணா போன்ற வகைகளுமே வழியாயின.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உதகைப் பள்ளத்தாக்குகளில் உறைபனி இறங்கும். அப்போது தோட்டங்களில் மென்மையான செடிகளின் தலைக்குமேல் கோத்தகிரி மலார் எனப்படும் செடியின் தழையைப் போர்த்துவது அங்குள்ள வழக்கம். செடியின் மேலே போர்த்துவதும் செடியின் அடியில் பரப்புவதும் உறைபனிக் காலத்தில் எதிரெதிர் விளைவைத் தரும். பகலில் சூடேறிய ஈரமண் இரவில் வெப்பத்தை வெளிவிட்டுப் பயிரைச் சற்றுக் காக்கிறது. தரையில் வைக்கோல் கிடந்தால் பகலில் மண் குறைவாகச் சூடேறும். உள்ள சூடும் மேலே வராது. அதனால் வைக்கோல் பரப்பிய வயலின் இலைகள் வெறும் மண்ணில் நிற்பவற்றைவிட எளிதில் உறைபனிக்கு இலக்காகின்றன.

மூடாக்கின் எல்லைகள்

குளிர்ந்த, ஈரமிக்க நிலங்களில் நடவு முடிந்த உடனே வைக்கோல் இட்டால் மண் சூடேறத் தாமதமாகும். முளை வெளிவந்தபின் இடுவதே அங்கு வழக்கம். வெப்பநிலங்களில் நடும்போதே இடுவது நல்லது. வடிகால் இல்லாத வயலில் மூடாக்கு அழுகலைக் கூட்டும். வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அது மண்ணோடு கலந்து மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் வெளுக்கக்கூடும். மேற்பரப்பில் மட்டும் கிடந்தால் இவ்விளைவு குறைவு. மெல்லிய மூடாக்கில் வெளிச்சம் புகுந்து கிழங்கு பச்சையாகும். காய்ந்த புல்லில் விதை இருந்தால் அதுவே களையாகும்.

மதிப்பீடு

உருளைக்கிழங்கு மூடாக்கின் வரலாறு பெரும்பாலும் நல்ல நிலம் மறுக்கப்பட்டவர்களின் வரலாறு. பாறையில் மண் சேர்த்த ஆரன் தீவினரும், வறண்ட சரிவில் மழைத்துளியைப் பிடித்த டிங்சி உழவர்களும், உப்புச்சேற்றில் இரண்டாம் போகம் கண்ட சுந்தரவனப் பெண்களும் தம் அருகில் எளிதில் கிடைத்த பொருளைக் கொண்டே நிலத்தைப் பயிருக்கு ஏற்றதாக்கினர். எந்தப் பொருளை, எந்த நாளில், எவ்வளவு கனமாக இடுவது என்பதை அந்தந்த நிலத்தின் வெயிலும் மழையும் பனியும் முடிவுசெய்தன. ஓரிடத்தின் முறையை மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும்போது, அங்கு மண்ணுக்குத் தேவைப்படுவது சூடா, குளிர்ச்சியா, ஈரமா, வடிகாலா என்பதை முதலில் அறிவது இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடம்.